தண்ணீரை இறைத்த தண்ணீர்

கிணறு வெட்டுகிறவருக்கு ஊற்றுக்கண் திறந்தால் மகிழ்ச்சி. சுரங்கம் வெட்டுகிறவருக்கு அதே ஊற்றுதான் எமன். பாறை விரிசல்களில் ஊறிக் கிடக்கும் நிலத்தடி நீர், மனிதர் குடைந்த இடம் எதுவோ அதைத் தேடி வந்து நிரப்பும். பகலெல்லாம் இறைத்துவிட்டு இரவில் படுத்துத் தூங்க முடியாது. திருவிழாவுக்கு விடுமுறை விட முடியாது. இறைப்பு நின்ற மறுகணமே அடிமட்டம் மூழ்கத் தொடங்கும். ஆட்கள் தாது வெட்டிக்கொண்டிருப்பது அந்த அடிமட்டத்தில்தான்.

ஜெர்மனியின் நடுவே உள்ள ஹார்ட்ஸ் மலைத்தொடரில் இந்தப் போராட்டம் பல நூற்றாண்டுகள் நடந்தது. வெள்ளியும் ஈயமும் கிடைத்த மலை அது. அங்கே சாங்க்ட் ஆன்ட்ரியாஸ்பெர்க் என்ற சிறு சுரங்க ஊரில் 1521 வாக்கில் வெள்ளி வேட்டை சூடுபிடித்தது. அதே காலத்தில் தொடங்கிய சாம்சன் சுரங்கம் 1910இல் மூடப்பட்டபோது 800 மீட்டருக்கும் கீழே போயிருந்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து ஊற்று நீரை மேலே தூக்கியாக வேண்டும். எதைக் கொண்டு தூக்குவது? ஆள்பலமும் குதிரைபலமும் மேல்மட்டங்களோடு முடிந்துவிடும். மலையைச் சுற்றிக் காடு இருந்தது. ஆனால் அந்த மரமெல்லாம் தாதுவை உருக்கும் உலைகளுக்கும், சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கவுமே போதவில்லை. நிலக்கரி வெகு தொலைவில் இருந்தது. நீராவி எந்திரம் இங்கிலாந்தின் சுரங்கங்களில் புகுந்து பல காலம் ஆன பிறகும் ஹார்ட்ஸில் அது எடுபடாமல் போனதற்கு எரிபொருள் கணக்கே முக்கியக் காரணம்.

மிஞ்சியது ஓடைநீர். மலைமேல் விழும் நீரைக் கொண்டு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சக்கரத்தால் மலைக்கடியில் ஊறும் நீரை இறைத்தார்கள்.

கேட்பதற்கு எளிது. அதில் இருந்த சிக்கல் இடத்தைப் பற்றியது. சுரங்கங்கள் மலையின் மேட்டுப் பகுதியில் இருந்தன. அந்த உயரத்தில் ஓடைகள் பிறந்து சிறிது தூரமே ஓடியிருக்கும். தண்ணீர் மெலிதாகத்தான் வரும். மழைக்குக் குறைவில்லை; மேல் ஹார்ட்ஸில் ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்யும். ஆனால் வசந்தத்தில் பனி உருகும்போது வெள்ளமாகப் பாய்ந்து போய்விடும். கோடையில் ஓடைகள் இளைத்துவிடும். குளிர்காலத்தில் உறைந்துவிடும். சுரங்கத்துக்குள் ஊறும் நீரோ எந்தப் பருவத்துக்கும் காத்திருக்காது. எனவே பெய்கிற நாளில் பிடித்து வைத்துப் பெய்யாத நாளில் திறந்துவிட வேண்டும். அதற்காகத்தான் குளங்கள்.

இந்த வேலையை முதலில் தொடங்கியவர்களில் வால்கன்ரீட் மடத்துத் துறவிகளும் உண்டு. 13ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் ஹார்ட்ஸில் நீர்வழிகளை அமைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு சுரங்கங்கள் ஆழம் போகப் போக, மேலே குளங்களும் பெருகின. மொத்தத்தில் 140க்கும் மேற்பட்ட குளங்கள், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீள வாய்க்கால்கள், மலையைக் குடைந்து நீர் கடத்திய ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய்கள் என்று ஒரு மலை முழுவதும் பரவிய பின்னலாக அது வளர்ந்தது. பல இடங்களில் ஒரு குளத்தின் கீழ் இன்னொன்று, அதன் கீழ் மற்றொன்று என்று படிப்படியாக இருக்கும். மேல்குளம் வழிந்தால் கீழ்க்குளம் வாங்கிக்கொள்ளும்.

ஆழத்துக்கும் குளத்துக்கும் என்ன உறவு என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 12 மீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் உச்சியில் விநாடிக்கு 50 லிட்டர் நீர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ, 12 மீட்டர் இறங்குகிறது, பெருக்கினால் 600. மேலிருந்து நீர் விழும் சக்கரம் அந்த ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வேலையாக மாற்றும் என்று இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சோதித்து 1759இல் வெளியிட்டார். அடியில் நீர் மோதிச் சுற்றும் சக்கரத்துக்கு இதில் பாதிதான் தேறும். மூன்றில் இரண்டு பங்கு என்றால் நமக்குக் கிடைப்பது 400. நம் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் இருக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார் தரும் அளவு அது. இதை வைத்து 200 மீட்டர் ஆழத்திலிருந்து எவ்வளவு நீர் தூக்கலாம்? விநாடிக்கு 2 லிட்டர். அதுவும் உராய்வே இல்லாத, ஒழுகாத பம்புகள் இருந்தால். உண்மையில் அதிலும் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும்.

50 லிட்டர் கொடுத்து 2 லிட்டர் வாங்குகிற வியாபாரம் இது. ஆழம் 400 மீட்டர் ஆனால் 1 லிட்டர்தான். சுரங்கம் ஒவ்வொரு தலைமுறையிலும் ஆழமாகும்போது, மலைமேல் தேக்க வேண்டிய நீரும் அதற்கேற்பக் கூடிக்கொண்டே போனது இதனால்தான். பூமிக்கடியில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைப் பூமிக்கு மேலே இருந்த குளம் தீர்மானித்தது.

சாங்க்ட் ஆன்ட்ரியாஸ்பெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் 1715இல் கட்டத் தொடங்கி 1722இல் முடித்த ஓடர் குளம், இந்தக் கணக்குக்கு அவர்கள் கொடுத்த பெரிய விடை. ஓடர் என்பது ஹார்ட்ஸில் ஓடும் சிற்றாறு; போலந்து எல்லையில் ஓடும் பெரிய ஓடர் நதி வேறு. கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே, காட்டுக்கு நடுவே, அந்தச் சிற்றாற்றின் குறுக்கே 150 மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரமும் உள்ள கரையை எழுப்பினார்கள். அடியில் அதன் அகலம் 40 மீட்டருக்கும் அதிகம். அதற்குப் பின்னால் ஏறத்தாழ 17 லட்சம் கனமீட்டர் நீர் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஜெர்மனியில் இதைவிடப் பெரிய அணைத்தேக்கம் இருக்கவில்லை. விநாடிக்கு 200 லிட்டர் வீதம் திறந்துவிட்டால், ஒரு சொட்டு மழை இல்லாமலே மூன்று மாதம் தாண்டும்.

அந்த நீரை வேறு விதமாகவும் அளக்கலாம். 17 லட்சம் கனமீட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால் அதில் அடங்கிய ஆற்றல் இன்றைய மின்கணக்கில் 4,60,000 யூனிட்டுக்குச் சற்று மேல். மின்சாரம் என்றால் என்ன என்றே தெரியாத காலத்தில், கையால் கல் சுமந்த மனிதர்கள் அவ்வளவு ஆற்றலை ஒரு பள்ளத்தாக்கில் சேமித்து வைத்தார்கள். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது சாதாரணமாகப் படவில்லை.

ஹார்ட்ஸின் மற்றக் குளங்களில் கரையை நீர் கசியாமல் அடைத்தது புல்தரை. புல்லை வேரோடும் மண்ணோடும் கட்டியாக வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இறுக்குவார்கள். நீரில் நனைந்து காற்றுப் படாமல் கிடக்கும்வரை அது எளிதில் மட்காது. தொடக்கத்தில் இந்தப் புல்சுவரைக் கரையின் நீர்ப்பக்க முகத்தில் வைத்தார்கள். அலையும் பனிக்கட்டியும் அதை அரித்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கரையின் நடுவுக்குள் கொண்டுபோய், இருபுறமும் மண்ணால் காத்தார்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் கரையின் ஆயுளே மாறிவிட்டது. ஓடர் குளம் இருப்பது கிரானைட் பாறைப் பகுதியில். அங்கே கட்டியவர்கள் புல்லைத் தேடி அலையவில்லை. இரு பக்கமும் பெரிய கிரானைட் பாளங்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, நடுவே கிரானைட் சிதைந்து உண்டான மணலை நிரப்பி இறுக்கினார்கள். அந்த இடத்தில் காலடியில் கிடந்த பொருளே கரையாயிற்று. முந்நூறு ஆண்டுகள் ஆன பிறகும் கரை நிற்கிறது. இன்று அதன்மேல் நெடுஞ்சாலை போகிறது, லாரிகள் ஓடுகின்றன.

கரையைவிட என்னை அதிகம் கவர்வது இந்தக் குளங்களின் மதகு. கரையின் அடியில், குளத்தின் தாழ்ந்த இடத்தில், ஓக் மரத்தை உட்புறம் குடைந்து செய்த குழாய் கிடக்கும். அதன் வாயில் மரத்தாலான அடைப்பு. அடைப்பிலிருந்து செங்குத்தாக ஒரு தண்டு மேலே வரும். தண்டைத் தூக்கினால் நீர் போகும், இறக்கினால் நிற்கும். பாண்டிய நாட்டு ஏரிகளின் குமிழித் தூம்பைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். அங்கே கல், இங்கே மரம். மரம் என்பதால் ஹார்ட்ஸ்காரர்களுக்கு ஒரு கூடுதல் கவலை இருந்தது. எப்போதும் நீருக்குள் கிடக்கும் ஓக் மரம் நூறு, இருநூறு ஆண்டுகள் தாங்கும். நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடந்தால் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போகும், ஏனென்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மதகை மூடினால் கரைக்கு அடியில் இருக்கும் குழாய் காய்ந்துவிடுமே! அதற்காகக் கரைக்கு வெளியே, குழாய் முடியும் இடத்தில் ஒரு சிறு தொட்டி கட்டினார்கள். தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட உயரமாக நிற்கும். அதனால் மதகு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் குழாய் முழுவதும் நீருக்குள்ளேயே இருக்கும். கரையைத் தோண்டிக் குழாயை மாற்ற வேண்டிய பெரும் வேலையை ஒரு சின்னத் தொட்டி பல தலைமுறைகள் தள்ளிப்போட்டது. பூஞ்சையின் உயிரியல் அன்று யாருக்கும் தெரியாது. எந்த மரம் எங்கே உளுத்தது என்று பார்த்துப் பார்த்துக் கற்றதுதான்.

மதகை அடியில் வைத்ததில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். குளத்தின் மேல்பரப்பு உறைந்து கிடக்கும் நாளிலும் அடியில் இருப்பது உறைநிலைக்குச் சில டிகிரி மேலே உள்ள நீர். அடிமதகைத் திறந்தால் வெளியே வருவது அந்த நீர்தான். வாய்க்காலில் உறையாமல் கொஞ்ச தூரமாவது கூடுதலாக ஓடும்.

ஓடர் குளத்து நீரை ஊருக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. ரேபெர்கர் வாய்க்கால் என்று பெயர். குளம் கட்டுவதற்கு முன்பே, 1699க்கும் 1703க்கும் இடையில் வெட்டியது. சாங்க்ட் ஆன்ட்ரியாஸ்பெர்க் ஊருக்கும் ஓடர் பள்ளத்தாக்குக்கும் இடையே மலை நிற்கிறது. வாய்க்கால் அந்த மலையின் விலாவைத் தழுவி, ஏறாமலும் சட்டென்று இறங்காமலும், மிக மெல்லிய சரிவில் வளைந்து வளைந்து போகிறது. சரிவு அதிகமானால் சக்கரத்துக்குக் கிடைக்க வேண்டிய உயரம் வழியிலேயே வீணாகும்; குறைந்தால் நீர் தேங்கும், மண் படியும். ஒரு மீட்டர் உயரத்தைக்கூட வீணாக்க மனமில்லாத கைகள் அதை வெட்டியிருக்கின்றன. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கல் அடுக்கிய கரை. பனிக்காலத்தில் மேலே பலகையோ கற்பலகையோ மரக்கிளையோ போட்டு மூடினார்கள். பெருமழையில் வாய்க்கால் உடையாமல் இருக்க, மிச்ச நீரைச் சரிவில் திறந்துவிடும் வடிகால்கள் ஆங்காங்கே இருந்தன. வாய்க்காலைக் காக்கவே ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் குடியிருக்க 1772இல் வாய்க்கால் ஓரத்தில் கட்டிய வீடு இன்றும் இருக்கிறது.

ஊருக்கு வந்து சேர்ந்த நீர் ஒரே சக்கரத்தோடு போய்விடாது. ஒரு சக்கரத்திலிருந்து விழுந்ததை அடுத்த சுரங்கத்தின் சக்கரம் வாங்கிக்கொள்ளும், அதற்கடுத்தது அதன் கீழ். சக்கரம் ஓரிடத்தில், சுரங்க வாய் வேறிடத்தில் என்றால், நடுவே மரத்தண்டுகளைப் பூட்டி முன்னும் பின்னுமாக அசையவிட்டு, சக்கரத்தின் ஆற்றலை நூற்றுக்கணக்கான மீட்டருக்குக் கடத்தினார்கள். அந்தத் தண்டு சுரங்கத்துக்குள் இறங்கி பம்புகளை இயக்கும். ஒரு பம்பு அல்ல, வரிசையாகப் பல பம்புகள். உறிஞ்சும் பம்பினால் 10 மீட்டருக்கு மேல் நீரைத் தூக்க முடியாது. உண்மையில் நீரை மேலே தள்ளுவது வெளியே உள்ள காற்றின் அழுத்தம், அந்த அழுத்தத்துக்கு அவ்வளவுதான் பலம். ஆகவே ஒரு பம்பு தூக்கிய நீரை ஒரு தொட்டியில் கொட்டும், அதிலிருந்து அடுத்த பம்பு எடுக்கும். 200 மீட்டர் ஆழம் என்றால் இருபதுக்கும் மேற்பட்ட பம்புகள், எல்லாம் ஒரே தண்டில் கட்டியவை, ஒன்றாக மூச்சிழுத்து ஒன்றாக விடும். இடையில் ஒன்றின் தோல் வாஷர் தேய்ந்தாலும் கீழே நீர் ஏறும்.

தாதுவைத் தூக்கியது வேறு சக்கரம். அதில் நீரை ஏந்தும் கிண்ணங்கள் இரண்டு வரிசை. ஒரு வரிசை வலமாகவும் மற்றது இடமாகவும் பார்த்திருக்கும். இந்த வரிசையில் நீரை விட்டால் கயிறு மேலேறும், அந்த வரிசையில் விட்டால் இறங்கும். ஜார்ஜியஸ் அக்ரிகோலா 1556இல் வெளிவந்த தம் சுரங்க நூலில் இப்படியொரு சக்கரத்தை விளக்கியிருக்கிறார். சாம்சனில் இருந்த இந்தத் திருப்புச் சக்கரம் 9 மீட்டர் விட்டம், பம்புச் சக்கரம் 12 மீட்டர். இரண்டும் தரைக்குக் கீழே, பாறையில் குடைந்த அறைகளில் சுற்றின.

சக்கரத்தை ஏன் தரைக்குக் கீழே வைக்க வேண்டும்? பனிக்காலத்தில் அங்கே உறையாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வடிகால் சுரங்கங்கள். பள்ளத்தாக்கின் தாழ்ந்த இடத்திலிருந்து மலைக்குள் கிடைமட்டமாகக் குடைந்து வந்து சுரங்கத்தைத் தொடுவார்கள். கிலோமீட்டர் கணக்கில் கையால் பாறையை உடைக்கும் வேலை, முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். முடிந்துவிட்டால் இரட்டை லாபம். ஊற்று நீரைத் தரைமட்டம்வரை தூக்க வேண்டாம், வடிகால்வரை தூக்கினால் தானே ஓடிவிடும். குளத்து நீருக்கும் தரையோடு பயணம் முடியாது; சுரங்கத்துக்குள்ளேயே இன்னும் நூறு, இருநூறு மீட்டர் விழுந்து சக்கரங்களைச் சுற்றிவிட்டு அதே வடிகாலில் வெளியேறலாம். தூக்க வேண்டிய உயரம் குறைகிறது, விழும் உயரம் கூடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் சாங்க்ட் ஆன்ட்ரியாஸ்பெர்க்கில் குடைந்த ஸீபர் வடிகால், சாம்சன் சுரங்கத்தைத் தரைக்கு 190 மீட்டர் கீழே தொட்டது.

எல்லாம் வென்ற கதையல்ல. தத்துவ அறிஞரும் கணித மேதையுமான லைப்னிட்ஸ் 1679 தொடங்கி ஹார்ட்ஸில் ஒரு பெரிய முயற்சி செய்தார். கோடையில் குளம் வற்றினால் காற்றாலையைக் கொண்டு இறைக்கலாம் என்பது அவர் எண்ணம். பிறகு இன்னொரு படி மேலே போனார்: சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே போன நீரைக் காற்றாலையால் மறுபடி மேல்குளத்துக்கு ஏற்றிவிடலாமே என்றார். காற்று வீசும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி ஆற்றல் பெறுவது. இன்று காற்றாலை, சூரிய மின்சாரத்தைச் சேமிக்க உலகமெங்கும் கட்டும் நீரேற்று மின்நிலையங்களின் அடிப்படை இதுவே. அவருடைய ஆலைகள் ஓடவில்லை. காற்று நிலையாக இல்லை, மரப் பற்சக்கரங்கள் தாங்கவில்லை, சுரங்கத்துக்காரர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை, செலவும் எகிறியது. 1685இல் அரசு அதை நிறுத்திவிட்டது. தோற்றது சிந்தனை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சிந்தனையைச் சுமக்கும் இரும்பும் தாங்கியும் அப்போது பிறக்கவில்லை.

சுரங்கம் ஆழமாக ஆழமாக ஆட்களின் பாடும் கூடியது. பல நூறு மீட்டர் ஏணியில் இறங்கி, நாள் முழுவதும் பாறை உடைத்து, மறுபடி ஏணியில் ஏறி வர வேண்டும். 1833இல் ஹார்ட்ஸ் சுரங்க அதிகாரி கியோர்க் டோரெல் இதற்கு ஒரு வழி கண்டார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தண்டுகள். இரண்டிலும் இடைவெளி விட்டுப் படிகள். நீர்ச்சக்கரம் ஒரு தண்டை ஏற்றும்போது மற்றதை இறக்கும். தொழிலாளி ஏறுகிற படியில் நிற்பார். அது உச்சத்துக்கு வந்து ஒரு கணம் நிற்கும்போது பக்கத்துத் தண்டின் படிக்கு மாறுவார். இப்போது அது ஏறும். இப்படி மாறி மாறி நடந்தாலே மேலே வந்துவிடலாம். அடுத்த ஆண்டே, 1834இல், ஹார்ட்ஸின் இன்னொரு சுரங்க ஊரான கிளவுஸ்டாலில், சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பெர்ட் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிச் சுரங்கத்தில் பயன்படுத்தினார். அதற்குமுன் இருந்த சங்கிலிகள் தம் எடையாலேயே அறுந்துகொண்டிருந்தன. இன்று லிஃப்டையும் தொங்கு பாலத்தையும் தாங்கும் கம்பி வடத்தின் வரலாறு அந்தச் சுரங்கத்தைத் தொட்டுச் செல்கிறது. 1837இல் சாம்சனில் டோரெலின் ஆள் ஏற்றியை அமைத்தபோது, மரத்தண்டுக்குப் பதில் இந்தக் கம்பி வடத்தையே போட்டார்கள்.

வெள்ளியின் விலை சரிந்தது, தாதுவும் தீர்ந்தது. குளங்கள் மட்டும் வேலையை விடவில்லை. ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள கோஸ்லார் நகரமும் அதையொட்டிய ராம்மல்ஸ்பெர்க் சுரங்கமும் 1992இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2010இல் மேல் ஹார்ட்ஸின் இந்த நீர்ப் பின்னலையும் அதோடு சேர்த்துக்கொண்டது யுனெஸ்கோ. 65 குளங்கள் இன்னும் பராமரிப்பில் இருக்கின்றன. ஓடர் குளம் இப்போது தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. சுற்றியுள்ள மலைச் சதுப்புகளிலிருந்து கரைந்து வரும் மட்கினால் நீர் பழுப்பு நிறம், அமிலத்தன்மையும் உண்டு. கோடையில் குளிக்க வருகிறார்கள், வாய்க்கால் ஓரமாக நடக்கிறார்கள்.

நீரும் அதே வாய்க்காலில் ஊருக்குப் போகிறது. சாம்சன் மூடிய பிறகு அதன் உள்ளே, தரைக்கு 130 மீட்டர் கீழும் 190 மீட்டர் கீழும் மின்நிலையங்கள் வைத்தார்கள். முன்பு சக்கரங்களைச் சுற்றிய நீர் இப்போது டர்பைன்களைச் சுற்றிவிட்டுப் பழைய வடிகால் சுரங்கங்கள் வழியே வெளியேறுகிறது. 190 மீட்டருக்குக் கீழே இருக்கும் மட்டங்களை யாரும் இறைப்பதில்லை. அவை முழுவதும் மூழ்கிவிட்டன. டர்பைன்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் கீழே இறங்கவும் ஏறவும் கம்பி வடத்தில் ஓடும் அந்த ஆள் ஏற்றியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீர்ச்சக்கரத்துக்குப் பதிலாக இப்போது அதை இயக்குவது மின்சாரம்.